பூங்கோதையின் புது மெஷின்

பிப்ரவரி 3, திங்கள்

ரத்த அழுத்தம் குறிப்பதற்காக வாங்கிய டைரி இது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு மருத்துவ விடுப்பில் இருக்கும் மனிதன் நடக்கலாம், பேப்பர் படிக்கலாம், கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு கருவி காட்டும் எண்ணை எழுதி வைக்கலாம். அதற்கு மேல் எதையும் தொடக் கூடாது. டாக்டர் சொன்னது பாதி, என் மனைவி பூங்கோதை சேர்த்துக்கொண்டது பாதி. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடம் பௌதிகம் நடத்தியவனுக்கு ஜனவரி முழுக்க எண்களை எழுதி எழுதி அலுத்துவிட்டது. இன்றைக்குத்தான் எழுத ஒரு விஷயம் வந்து சேர்ந்தது.

கோதையின் மெஷின் வந்துவிட்டது!

லேப்டாப் என்று பெயரே தவிர, மடியில் வைத்தால் தொடை மரத்துப் போகும். வொர்க்ஸ்டேஷன் என்கிறார்கள். சார்ஜர் மட்டுமே ஒரு செங்கல் அளவு இருக்கிறது. மூடி சாம்பல் நிறம். பளபளப்பு கிடையாது. திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கம் பாதிக்குமேல் பொடித் துளைகள் போட்ட வலை. ஒரு துளை பிசகவில்லை. தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "ஏனுங்க, அதைக் கொஞ்சம் குடுங்க, நானும் பாக்கோணும்" என்று கோதை சிரித்தபோதுதான் கையிலிருந்து விட்டேன்.

எதற்கு இவ்வளவு பெரிய மெஷின் என்பதையும் எழுதிவிடுகிறேன். கோதை பீளமேட்டில் ஒரு டிசைன் ஆபீசில் பத்தொன்பது வருடம் பம்புகளுக்குப் படம் போட்டாள். போட்டது இவள். படத்தின் மூலையில் இருக்கும் பெயர் மேனேஜர் ஹரிகிருஷ்ணனுடையது. நான் ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முன்பே ராஜினாமா கொடுத்துவிட்டாள். வீட்டுக்காரர் படுத்திருக்கும் நேரத்தில் வேலையை விடலாமா என்று சொந்தபந்தம் எல்லாம் கேட்டது. அவள் கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை.

முதல் வேலையைக் கொடுத்திருப்பவர் சிங்காநல்லூர் பக்கம் பம்பு கம்பெனி வைத்திருக்கும் பொங்கியண்ணன். புதிதாகப் பெரிய பம்பு ஒன்று செய்திருக்கிறார். அது அதிர்கிறது, கரண்டை இழுக்கிறது, தண்ணீரைக் குறைவாகத் தள்ளுகிறது. கம்ப்யூட்டருக்குள் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்து, கோளாறு எங்கே என்று 24ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். அவர் ஒத்துக்கொண்டால் அந்தக் கம்பெனியின் டிசைன் வேலை முழுவதும் கோதைக்கு. இல்லாவிட்டால் ஹரிகிருஷ்ணனிடம் போய்விடும். இந்த ஊரில் பம்பு செய்கிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் மாமன் மச்சான். ஒருவர் வேண்டாம் என்றால் அடுத்தவரும் எங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார். கோதைக்கு இது தெரியும். தெரிந்துகொண்டும் இன்று மாலை சாவகாசமாக வெண்டைக்காய் நறுக்கினாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மெஷினைத் தயார் செய்யும் பொறுப்பு எனக்கு. "நீங்கதானுங்க இனி என்ர சிஸ்டம் ஆபீசர்" என்று கேலியாகத்தான் சொன்னாள். நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் பிள்ளையாருக்கு முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். மூடியின் நடுவில்தான், சின்னதாக. பிறகு ஆன் செய்தேன். எந்த நாடு, எந்த மொழி, இருப்பிடத்தைச் சொல்லலாமா, விளம்பரம் அனுப்பலாமா என்று பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி கேள்விமேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அப்டேட். அது முடிந்ததும் இன்னொரு அப்டேட். மத்தியானச் சாப்பாடு வரை அணைத்து எழுப்பி, அணைத்து எழுப்பி உட்கார்ந்திருந்தேன்.

பெரிய மானிட்டரை மாட்டினால் படம் வரவில்லை. கேபிளை மாற்றினேன், டிரைவர் மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன், மானிட்டரைத் திட்டினேன். கடைசியில் கையேட்டைப் படித்தால், பின்பக்கம் இருக்கும் வாயில்தான் மாட்ட வேண்டுமாம். மாட்டியதும் படம் பளிச்சென்று வந்தது. கோதை கைதட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 5, புதன்

அழுத்தம் நன்றாக இருக்கிறது. நடந்தேன். காபி இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இன்றைக்குச் செய்ததுதான் உருப்படியான வேலை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி இருக்கிறது. காலையில் துடைத்த மேஜையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். இவ்வளவு அருமையான மெஷின் அந்தத் தூசியைத் தின்னக் கூடாது. பஸ் ஏறிக் காந்திபுரம் போய், ஷாஜகான் பாய் கடையில் முழு உடம்புக்கும் லேமினேஷன் போட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு முதல் டிவி ரிமோட் வரை எதுவும் உடுப்பில்லாமல் இருந்ததில்லை. என் பட்டச் சான்றிதழைக்கூட அந்தக் காலத்திலேயே லேமினேஷன் செய்தவன் நான். அதன்மேல் சீல் வைக்க முடியவில்லை என்று ஆபீசில் முணுமுணுத்தார்கள், அது வேறு கதை.

பாய் மெஷினைத் திருப்பி வைத்துக்கொண்டு, "சார், கீழ வலையா இருக்கே, அந்த இடத்தை வெட்டி விட்ரவா?" என்று கேட்டார்.

"வெட்டாதீங்க பாய், அது வழியாத்தானே தூசி போகும்?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று இழுத்து ஒட்டினார். கை தேர்ந்த மனிதர். ஒரு குமிழி இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். சமையல் வேலையாக இருந்த கோதை மூடியைத் தொட்டுப் பார்த்து, "கண்ணாடியாட்டம் இருக்குதுங்க" என்றாள். பஸ்ஸில் போனதற்குத் திட்டும் விழுந்தது.

பிப்ரவரி 8, சனி

சின்ன அளவில் ஒரு சோதனை ஓட்டம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பம்புக்குள் சுற்றும் சக்கரத்துக்கு இம்பெல்லர் என்று பெயர். அதில் வளைந்த இறக்கைகள் இருக்கும். தண்ணீர் நடுவில் நுழைந்து, இறக்கைகள் தள்ளிவிட வெளியே பாயும். கோதை அந்தச் சக்கரத்தின் உள்ளிருக்கும் இடத்தையெல்லாம் பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் என்ன வேகத்தில் எந்தப் பக்கம் போகிறது என்று மெஷின் கணக்குப் போடுகிறது. சற்று நேரத்தில் திரையில் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகத் தண்ணீர் சுழன்று வந்தது.

"இங்க பாருங்க, சிவப்பா இருக்குதல்ல? இந்த எடத்துல தண்ணி முட்டுது. முட்டித் திரும்புது. ஆனா இது சின்ன கணக்கு, இதை நம்பிச் சொல்ல முடியாதுங்க. முழுசா ஓட்டுனாத்தான் தெரியும்."

பெர்னூலியின் சமன்பாட்டை எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! தண்ணீர் அதன்படி போவதை இன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அதைவிட ஆச்சரியம் கோதை. வீட்டில் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற அதே கோதை, திரையைப் பார்க்கும்போது புருவம் லேசாக ஏறி, உதடு இறுகி, வேறு ஆளாக இருக்கிறாள். மவுஸைத் தொடும் விரலில் அவசரமே கிடையாது. பத்தொன்பது வருடம் காலையில் டிபன் பாக்ஸோடு போய் மாலையில் திரும்பி வந்தாள். நடுவில் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள் என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தவர்கள் ஹரிகிருஷ்ணன் மாதிரி ஆட்கள்தான். அவர்கள் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

மெஷின் கொஞ்சம் இரைகிறது. உழைக்கிற மெஷின் இரையத்தான் செய்யும்.

பிப்ரவரி 10, திங்கள்

முழு ஓட்டம் தொடங்கினாள். இரண்டு நாள் விடாமல் ஓட வேண்டுமாம். காலையில் வேகமாகப் போனது, பத்து மணிக்கு மேல் நடையாகி, மத்தியானம் தவழ ஆரம்பித்தது. விசிறி இரைகிற இரைச்சலில் குக்கர் விசில் காதில் விழவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் திரை கறுப்பு. தானாகவே அணைந்துவிட்டது.

தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்!

கோதை புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆன் செய்தாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கோளாறைக் கண்டுபிடிப்பது என்றால் முறையாகச் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடத்தில் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியிருக்கிறது.

முதல் சந்தேகம் கரண்ட். எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் பார்க்கச் சொன்னேன். சரியாக இருக்கிறது. இருந்தும் பெரிய பிளக் பாயிண்ட் ஒன்று புதிதாகப் போட்டுக்கொண்டேன். பலன் இல்லை. இரண்டாவது சந்தேகம் கிராபிக்ஸ் டிரைவர். புதியதை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டேன். பலன் இல்லை. மூன்றாவது பயாஸ், அதாவது மெஷினை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள், அதற்கு ஒரு அப்டேட். பாதியில் நின்றால் மெஷின் செத்தது என்று எச்சரிக்கை வேறு வந்தது. அது முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்லபடியாக முடிந்தது. பலன் இல்லை.

மாலையில் அழுத்தம் ஏறியிருந்தது. காலையில் கோதைக்குத் தெரியாமல் குடித்த காபியாக இருக்கும்.

பிப்ரவரி 12, புதன்

மெஷின் கம்பெனியின் உதவி எண்ணில் சௌம்யா என்ற பெண் கிடைத்தாள். மரியாதையான பெண். தூரத்திலிருந்தே மெஷினுக்குள் நுழைந்து பார்த்து, "சார், டெம்பரேச்சர் நூறு கிட்ட போகுது. அதனாலதான் மெஷின் தன்னைத்தானே ஸ்லோ பண்ணிக்குது. உள்ள தூசி அடைச்சிருக்கலாம்" என்றாள்.

"புது மெஷின்மா. தூசி உள்ள போக வழியே இல்ல. வந்த வாரமே எல்லாத்தையும் பக்காவா அடைச்சுட்டேன்."

"வெரி குட் சார். அப்ப ரூமைக் கூலா வெச்சுப் பாருங்க."

ஜன்னலைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ. எப்படியும் ஒரு வழி கிடைத்தது. வீட்டில் ஏசி இருப்பது படுக்கையறையில் மட்டும்தான். அதுவும் எனக்காகப் போட்டது. மேஜையை அங்கே நகர்த்தலாம் என்றேன். "நீங்க தூங்கற எடமுங்க அது" என்று கோதை மறுத்தாள். நான் பிடிவாதமாக நின்றேன். மேஜையின் ஒரு முனையை நானே தூக்கப் போனதும் பதறிப்போய் ஒத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 13, வியாழன்

ஏசி. மெஷினுக்கு அடியில் இரண்டு தடித்த அகராதி, நடுவில் காற்றுக்கு இடைவெளி. பக்கத்தில் டேபிள் ஃபேன். இப்போது கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்லலாம். நான் சொன்னேன். கோதை திரையின் ஓரத்தில் ஊர்ந்துகொண்டிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்றாள்.

இந்த வேகத்தில் போனால் பங்குனி ஆகிவிடும்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஹரிகிருஷ்ணன் போன் செய்தான். மெஷின் தகராறு அவன் காதுக்கு எப்படிப் போனதோ தெரியவில்லை, அவனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். தங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்து ஓட்டிக்கொள்ளட்டுமாம். பழைய நாற்காலி அப்படியே காலியாக இருக்கிறதாம். ரிப்போர்ட் மட்டும் ஆபீஸ் பெயரில் போக வேண்டுமாம்.

கோதை கூடத்தில் நின்று பேசினாள். நான் படுக்கையறையில் டேபிள் ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "யோசிச்சுச் சொல்றனுங்க சார்" என்பது கேட்டது. பிறகு, "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க சார். பாவம், நாள் பூரா அதுகிட்டத்தான் உக்காந்திருக்கறாரு. இப்பத்தான் ஒடம்பு தேறுது" என்பதும் கேட்டது.

ஃபேன் இறக்கையில் அழுக்கு நிறைய இருந்தது. இரண்டாம் முறையும் துடைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

மெஷினைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நூறு டிகிரியில் வெந்துகொண்டும் கணக்கை ஒரு புள்ளி தப்பவிடாமல் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தாங்க முடியாதபோதுதான் கண்ணை மூடுகிறது. பத்தாம் வகுப்புக்கு வெப்பம் நடத்தும்போது சொல்வேன், சூடு போக வழி வேண்டும், வழி இல்லாவிட்டால் எந்த இயந்திரமும் ஓடாது என்று. இதில் எங்கே வழி அடைபடுகிறது என்பதுதான் பிடிபடவில்லை. செய்தவன்தான் எங்கோ சொதப்பியிருக்கிறான். திங்கட்கிழமை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

கோதையிடம் சொன்னேன். "மாத்தி வர்றதுக்குள்ள தேதி போயிருமுங்க" என்றாள். பிறகு, "ஹரி சார் ஆபீஸ்ல ஓட்டிக்கட்டுமா?" என்று என்னையே கேட்டாள். முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. போகாதே என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொல்வதற்கு நான் மெஷினைச் சரி செய்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மெஷின் ஓடுகிறது!

மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு கூடத்துச் சோபாவில் கண்ணயர்ந்தேன். விழித்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. மறுபடி அணைந்துவிட்டது என்று ஓடினேன். அணையவில்லை. ஓடிக்கொண்டிருந்தது, மாவு மில் மாதிரி இரைந்த மெஷின் இப்போது தூங்குகிற பூனை மாதிரி. திரையின் ஓரத்தில் எண்கள் ஓட்டமாக ஓடின. வெப்பம் எழுபதைத் தாண்டவில்லை.

"எப்படி கோதை?"

"நீங்க ஃபேனை அந்தச் சாய்மானத்துல வெச்சீங்களல்ல? அதுதானுங்க. இப்பத்தான் காத்து செரியா போகுது."

நான் மூன்று நாளாக அந்த ஃபேனை விரற்கடை விரற்கடையாக நகர்த்திக்கொண்டிருந்தேன். கோணம் முக்கியம். காற்றின் பாதை முக்கியம். இதை உதவி எண்காரர்களுக்கு எழுதி அனுப்ப வேண்டும், மற்றவர்களுக்குப் பயன்படும்.

சந்தோஷத்தில் வீட்டைப் பெருக்கினேன். குப்பைக்கூடையில் பென்சில் சீவும் பிளேடும் பிளாஸ்டிக் சுருளும் கிடந்தன. குரியர் உறையாக இருக்கும். ஹரிகிருஷ்ணனுக்குக் கோதை போன் செய்து வரவில்லை என்று சொன்னாள். இரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

முழு ஓட்டம் முடிந்தது. சிவப்பு அதே இடத்தில்தான். தண்ணீர் நுழையும் வாயில் இறக்கையின் வளைவு தப்பு. கோதை அதே சிரத்தையோடு வேறு வளைவு போட்டு மறுபடி ஓட்டுகிறாள். மெஷின் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

பிப்ரவரி 22, சனி

புது வளைவில் தண்ணீர் நீலமாக வழுக்கிக்கொண்டு போகிறது. சிவப்பே இல்லை. இதைவிட அழகான எதையும் நான் சமீபத்தில் பார்த்ததில்லை, கோதையைத் தவிர என்று எழுத நினைத்தேன். எழுதிவிட்டேன்.

அவளுக்கு முகத்தில் சந்தோஷமில்லை. கேட்டதற்கு, "அந்தப் பழைய வளைவு பொங்கியண்ணன் அவரே கையால போட்டதுங்க. அவரு பேரே அதுலதான் நிக்குது" என்றாள். கோளாறு அவருடையது என்று அவரிடமே சொல்ல வேண்டும். அவர் அதை நம்ப வேண்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வந்தாள். பொங்கியண்ணன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தாராம். "காயிதத்துல என்ன வேணும்னாலும் எழுதலாம் அம்மிணி. நான் வூட்டுக்கு வந்து அந்தத் தண்ணி ஓடறதை நேர்ல பாக்கறேன்" என்றாராம்.

பிப்ரவரி 26, புதன்

எல்லாவற்றையும் விடாமல் எழுதுகிறேன்.

பொங்கியண்ணன் சாயங்காலம் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அறுபதைத் தாண்டிய உறுதியான உடம்பு. படுக்கையறையில்தான் மேஜை இருக்கிறது. கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு, அவருக்கு நாற்காலி போட்டேன். கோதை தண்ணீரை ஓடவிட்டாள். முதலில் பழைய வளைவு. சிவப்பு தெரியும் இடத்தில் நிறுத்தினாள்.

"இந்த வளைவு நான் போட்டது அம்மிணி."

"தெரியுமுங்கண்ணா."

"இருவது வருசமா இதுதான் எங்களுக்குச் சோறு போடுது."

"சின்னப் பம்புக்கு இது ரொம்ப நல்ல வளைவுங்கண்ணா. நானே எத்தனையோ படத்துல பாத்து ஆசைப்பட்டிருக்கறேன். அதை அப்படியே பெருசு பண்ணுனதுதான் ஒத்துக்கலீங்க. தண்ணி வர்ற வேகம் மாறிப்போச்சு."

குரல் நடுங்கவில்லை. குழையவும் இல்லை. நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் புது வளைவைக்கூடப் பார்க்கவில்லை. மெஷினையே பார்த்தார். "இந்த மெஷினு சூடாகி சூடாகி நின்னுபோச்சாமா? ஹரிகிருஷ்ணன் சொன்னான். சூடு ஏறுன மெஷினு போட்ட கணக்கு அம்மிணி, அதை நம்பி நான் வார்ப்பு அச்சை மாத்தறதா?"

"அது அப்பவே செரியாயிருச்சுங்கண்ணா. வீட்டுக்காரர் செரி பண்ணிட்டாருங்க."

"அப்படிங்களா? எப்படிங்க வாத்தியாரே?"

இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று பத்து நாளாகக் காத்திருந்தவன் நான். முன்னால் போய் ஃபேனின் சாய்மானத்தைக் காட்டினேன். அகராதிகளைக் காட்டினேன். காற்று அடியில் எப்படிப் போகிறது என்று விளக்குவதற்காக மெஷினைப் பக்கவாட்டில் லேசாகத் தூக்கினேன்.

அடிப்பக்க லேமினேஷனில் ஜன்னல் மாதிரி ஒரு சதுரம் வெட்டப்பட்டிருந்தது. வலை இருந்த அளவுக்கு, மயிரிழை கூடாமல் குறையாமல். மூலைகள் நான்கும் கச்சிதமாக வளைந்திருந்தன. சுற்றிலும் மீதி லேமினேஷன் அப்படியே பளபளவென்று இருந்தது. மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ பார்த்தால் தெரியவே தெரியாது. இந்த ஊரில் அப்படி வெட்டக்கூடிய கை ஒன்றுதான்.

கோதையைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

ஃபேன்தான் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஃபேன் கதையை நம்பி எந்தப் பம்பு முதலாளியும் அச்சை மாற்ற மாட்டார் என்பது அந்த நிமிஷம் எனக்கே தெரிந்தது.

"இல்லீங்க" என்றேன். "நான் சரி பண்ணலீங்க. நான்தான் கெடுத்தது. இது மெஷின் மூச்சு விடற எடமுங்க. தூசி போயிருமுன்னு இது மேல லேமினேஷன் போட்டு ஒட்டிட்டேன். கடைக்காரர் வெட்டி விடட்டுமான்னு கேட்டாரு, வேண்டாமுன்னேன். மூக்கையும் வாயையும் பொத்திட்டு, ஏன் மயங்கி விழுதுன்னு ஒரு வாரமா கரண்டுல தேடுனேன், டிரைவருல தேடுனேன், மெஷின் செஞ்சவனைத் திட்டுனேன். இவ பிளேடை எடுத்து வெட்டி விட்டிருக்கறா. வெட்டிட்டு, ஃபேனுதான் காரணமுன்னு எங்கிட்டச் சொல்லிட்டா. எனக்கே இப்பத்தானுங்க தெரியுது. மூடி இருந்தப்ப நூறு, தொறந்தப்பறம் எழுபது. நீங்க பாக்கற கணக்கெல்லாம் தொறந்ததுக்கப்பறம் போட்டதுங்க."

பொங்கியண்ணன் கையை நீட்டி அந்தச் சதுரத்தின் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாத்தியாரே, நீங்க என்ன பாடமுங்க?"

"பௌதிகமுங்க."

"பௌதிகமா?"

சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். நானும் அசடு வழிந்துகொண்டு சிரித்தேன். கோதை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்தபோது அவர் முகம் இளகியிருந்தது. "நல்லதுன்னு நெனச்சுப் பண்ணுனதுதானுங்க" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு திரையின் பக்கம் திரும்பி, "செரி அம்மிணி, அந்தப் புது வளைவைக் காட்டு" என்றார்.

மூன்று தரம் ஓடவிட்டுப் பார்த்தார். மூன்றாம் தரம் முகத்தைத் திரையருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "வழுக்கிட்டுப் போகுதே" என்றார். எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு, "அச்சுக்குப் படம் போட்டுக் குடு. இனிமே எங்க படமெல்லாம் நீதான் பாத்துக்கோணும். பட்டறையில மட்டும், இது நானா மாத்துனதுன்னு சொல்லிக்கறேன்" என்றார்.

"பட்டறையில எப்படி வேணும்னாலும் சொல்லிக்குங்கண்ணா. படத்துல என்ர பேரு இருக்கோணும்."

அவர் வாசற்படியில் நின்று அவளை ஒரு முறை பார்த்தார். "போட்டுக்க அம்மிணி. பெருசாவே போட்டுக்க."

கார் போன பிறகு கோதை அடுப்பில் பால் வைத்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல கோதை? உன் வேலையே போயிருக்கும். உனக்கு என் மேல கோபமே வரலியா?"

"வந்துச்சுங்க. வெட்டறப்ப ரொம்பத்தான் வந்துச்சு. நீங்க எந்திரிச்சதும் நாலு வார்த்தை கேக்கோணும்னுதான் உக்காந்திருந்தேன்."

"அப்பறம்?"

அவள் பால் பொங்குவதைப் பார்த்து அடுப்பைத் தணித்தாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து நீங்க சுவத்தைப் பாத்துத்தானுங்க படுத்திருந்தீங்க. நான் வேலையை விட்டதே தப்போன்னு தெனமும் நெனப்பேன். அந்த மெஷினு வந்தப்பறம்தான் எந்திரிச்சீங்க. அன்னிக்கு அது ஓடறதைப் பாத்துட்டு, எப்படி கோதைன்னு சின்னப் பையனாட்டம் கேட்டுட்டு நின்னீங்க. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு நான் எதைக் கேக்கறது? மெஷினு நின்னா வேற மெஷினு வாங்கிக்கலாமுங்க."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சர்க்கரை டப்பாவை எட்டி எடுத்தாள். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக எனக்கும் ஒரு டம்ளர் காபி கலந்தாள்.